சோர்ந்த மின்கலமும் சோராத மனிதரும்

கேமரன் மலையின் சரிவுகளில் தேயிலைச் செடிகள் பச்சைக் கம்பளம் விரித்தாற்போல் படர்ந்திருக்கின்றன. ஜே.ஏ. ரஸ்ஸல் என்பவர் 1929ஆம் ஆண்டு அங்குப் போ தேயிலைத் தோட்டத்தை நிறுவினார். அன்று முதல் பல தலைமுறைத் தமிழ்த் தொழிலாளர்கள் அம்மலைச்சரிவுகளில் கொழுந்து பறித்து வந்துள்ளனர். தேயிலைச் செடியிடமிருந்து தொடர்ந்து கொழுந்து பறித்துக்கொண்டே இருந்தால், சில ஆண்டுகளில் அதன் விளைச்சல் குன்றிவிடும். அப்போது செடியைக் கட்டையாக வெட்டிவிடுவர். தோட்ட மக்கள் இதனைக் கவாத்து என்பர். கவாத்து வெட்டிய மலைச்சரிவை முதன்முறையாகப் பார்ப்பவர், செடிகள் பட்டுப்போய்விட்டன என்றே எண்ணுவார். ஆனால், வேர் நலமாக இருப்பதால் சில மாதங்களில் புதுத்துளிர் தலைகாட்டும். சோர்ந்த செடியை வேரோடு பிடுங்கி எறியாமல், அதன் சோர்வுக்குக் காரணம் அறிந்து மீண்டும் தழைக்கச் செய்வதே கவாத்தின் நோக்கமாகும்.

நாம் அன்றாடம் பயன்படுத்தும் மின்கலங்களும் இவ்வாறே சோர்வடைகின்றன. இருபத்து நான்கு மணி நேர மின்சார வசதி இல்லாத காலத்தில், நம் நாட்டின் பல தோட்டங்களில் கார் பேட்டரியின் துணையோடுதான் மக்கள் தொலைக்காட்சி பார்த்தனர். பேட்டரியின் மின்னாற்றல் தீர்ந்ததும் அதனைப் பட்டணத்துக்குக் கொண்டு சென்று மின்னேற்றி வந்தனர். புதிய பேட்டரி பல இரவுகளுக்குத் தாக்குப்பிடிக்கும். பழைய பேட்டரியோ படம் முடிவதற்குள் ஓய்ந்துவிடும். இன்று கைப்பேசி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் இதே அனுபவத்தைப் பெறுகின்றனர். ஒரு மின்கலம் தன்னுள் சேமித்து வைக்கக்கூடிய மின்னாற்றலின் அளவைக் கொள்திறன் என்பர். மின்னேற்றமும் மின்னிறக்கமும் மாறி மாறி நிகழும்போது இக்கொள்திறன் சிறிது சிறிதாகக் குறைகிறது.

குறைந்த கொள்திறனை மீட்க முடியுமா? நூறு ஆண்டுகளுக்கு முன்பே இக்கேள்விக்கு விடை தேடி, தம் வாழ்நாளில் ஏறத்தாழ பத்து ஆண்டுகளைச் செலவிட்டார் ஒருவர். மின்விளக்கின் மூலம் உலகம் அறிந்த தோமஸ் ஆல்வா எடிசன்தான் அவர். அவர் தந்த மின்விளக்கை அறிந்த அளவுக்கு, அவர் தந்த மின்கலத்தைப் பலர் அறிந்திருக்கவில்லை.

எடிசன் 1847ஆம் ஆண்டு பிப்ரவரி 11ஆம் நாள் அமெரிக்காவின் ஒகாயோ மாநிலத்திலுள்ள மிலான் எனும் சிற்றூரில் பிறந்தார். அவருக்கு ஏழு வயதானபோது குடும்பம் மிச்சிகன் மாநிலத்தின் போர்ட் ஹியூரோனுக்குக் குடிபெயர்ந்தது. அவர் பள்ளிக்குச் சென்ற காலம் மிகக் குறைவு. ஆசிரியையாகப் பணியாற்றிய அனுபவமுள்ள தாயார் நான்சி, மகனுக்கு வீட்டிலேயே பாடம் கற்பித்தார். அறிவியல் நூல்களில் படித்தவற்றைத் தாமே செய்து பார்க்கும் பழக்கம் எடிசனிடம் சிறுவயதிலேயே வேரூன்றியது. பன்னிரண்டாம் வயதில் அவர் இரயிலில் நாளிதழும் இனிப்பும் விற்றார். அந்த இரயிலின் சரக்குப் பெட்டியில் ஒரு மூலையைத் தம் ஆய்வுக்கூடமாக மாற்றிக்கொண்டார்.

1862ஆம் ஆண்டு, இரயில் பாதையில் விளையாடிக்கொண்டிருந்த ஒரு குழந்தையை எடிசன் காப்பாற்றினார். குழந்தையின் தந்தையான நிலைய அதிகாரி, நன்றிக்கடனாக அவருக்குத் தந்தி அனுப்பும் கலையைக் கற்றுக்கொடுத்தார். அக்காலத் தந்திக் கருவிகள் திரவ மின்கலங்களைக் கொண்டே இயங்கின. கண்ணாடிச் சாடிகளில் உலோகத் தகடுகளும் அமிலமும் இருக்கும். அவற்றைக் கண்ணும் கருத்துமாகப் பராமரித்தால்தான் செய்தி தடைபடாமல் செல்லும். ஆகவே, மின்கலத்தின் நலிவையும் வலிமையையும் எடிசன் இளமையிலேயே நேரில் கண்டறிந்தார்.

இந்த ஆர்வம் அவருக்கு ஒருமுறை வேலையிழப்பையும் தேடித் தந்தது. 1867இல் லூயிவில் நகரத் தந்தி அலுவலகத்தில் அவர் இரவுப் பணியில் இருந்தார். ஓய்வு நேரத்தில் மின்கலத்தை வைத்து ஆய்வு செய்தபோது அமிலம் தரையில் சிந்தியது. பலகைகளின் இடுக்கு வழியாக அது கீழ்த்தளத்தில் இருந்த மேலதிகாரியின் மேசை மீது சொட்டியது. மறுநாள் எடிசன் பணிநீக்கம் செய்யப்பட்டார். எனினும், அவர் ஆய்வைக் கைவிடவில்லை.

பின்னர் அவரது புகழ் படிப்படியாக உயர்ந்தது. 1876இல் மென்லோ பார்க் எனும் இடத்தில் ஆய்வுக்கூடம் அமைத்தார். 1877இல் ஒலிப்பதிவுக் கருவியை உருவாக்கினார். 1879இல் நெடுநேரம் எரியும் மின்விளக்கை உருவாக்கிக் காட்டினார். 1882இல் நியூயார்க் நகரின் ஒரு பகுதிக்கு மின்சாரம் வழங்கும் நிலையத்தைத் தொடங்கினார். 1887இல் நியூ ஜெர்சியின் வெஸ்ட் ஆரஞ்சு எனுமிடத்தில் இன்னும் பெரிய ஆய்வுக்கூடத்தை எழுப்பினார். ஆனால், 1890களில் இரும்புத் தாதுவைப் பிரித்தெடுக்கும் தொழிலில் இறங்கி, பெரும் பொருளை இழந்தார். அத்தகைய இழப்புக்குப் பின் ஓய்வெடுக்க விரும்புவோர் பலர். ஐம்பது வயதைக் கடந்திருந்த எடிசனோ மின்கலத்தின் பக்கம் தம் கவனத்தைத் திருப்பினார்.

அதற்குத் தக்க காரணம் இருந்தது. அந்நாளில் அமெரிக்கச் சாலைகளில் நீராவி, பெட்ரோல், மின்சாரம் ஆகிய மூன்று வகை ஊர்திகளும் போட்டி போட்டுக்கொண்டு ஓடின. மின்சார ஊர்தி ஓசையின்றி ஓடியது, புகை கக்கவில்லை. அதன் குறை மின்கலத்தில்தான் இருந்தது. அது பயன்படுத்திய ஈய அமில மின்கலத்தைப் பிரான்சு நாட்டு அறிஞர் காஸ்டன் பிளான்டே 1859இல் உருவாக்கியிருந்தார். அது மிகவும் கனமானது. அதனுள் இருக்கும் கந்தக அமிலம் ஈயத் தகடுகளை நாளடைவில் நலிவடையச் செய்தது. மின்னிறக்கம் நிகழும்போது தகடுகளின் மீது ஈய சல்பேட் எனும் பொருள் படியும். உடனே மின்னேற்றினால் அது கரைந்துவிடும். மின்னாற்றல் தீர்ந்த நிலையில் நெடுநாள் விட்டுவைத்தால், அப்படிவு கடினமான படிகங்களாக இறுகிவிடும். இறுகிய பகுதி மின்னை ஏற்காது, கொள்திறன் குறையும். தொடக்க நிலையில் மெதுவாக நெடுநேரம் மின்னேற்றினால் ஓரளவு மீட்கலாம். முற்றிய பிறகோ தகட்டையே மாற்ற வேண்டியதுதான்.

அமிலத்துக்கு மாறாகக் காரத்தையும், ஈயத்துக்கு மாறாக எடை குறைந்த உலோகங்களையும் பயன்படுத்த வேண்டும் என்று எடிசன் முடிவு செய்தார். 1899ஆம் ஆண்டு ஆய்வு தொடங்கியது. அவருடைய உதவியாளர்கள் ஒவ்வோர் உலோகமாக, ஒவ்வொரு கலவையாகச் சோதித்தனர். ஆயிரக்கணக்கான சோதனைகள் நடந்தன. இறுதியில், ஒரு முனையில் நிக்கல் சேர்மமும் மறுமுனையில் இரும்பும், இடையில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலும் கொண்ட மின்கலம் உருவாகியது. ஏறத்தாழ அதே காலத்தில் சுவீடன் நாட்டு அறிஞர் வால்டமார் யுங்னரும் இதே வழியில் தனித்து ஆய்வு செய்துகொண்டிருந்தார் என்பது குறிப்பிடத்தக்கது.

1903இல் எடிசனின் மின்கலம் விற்பனைக்கு வந்தது. அவருடைய பெயரை நம்பி மக்கள் ஆர்வத்தோடு வாங்கினர். சரக்கு வண்டிகளில் அவை பொருத்தப்பட்டன. ஆனால், நெடுங்காலம் கழியுமுன்னே புகார்கள் வரத் தொடங்கின. சில கலங்களின் பற்றவைத்த விளிம்புகளில் கசிவு ஏற்பட்டது. வேறு சில கலங்களின் கொள்திறன் எதிர்பாராத அளவுக்குக் குறைந்தது. எல்லாக் கலங்களும் பழுதாகவில்லை. ஒரே தொழிற்சாலையில், ஒரே முறையில் செய்யப்பட்ட கலங்களுள் சில நன்கு உழைத்தன. சில விரைவில் சோர்ந்தன. எது சோரும், எது சோராது என்று முன்கூட்டியே சொல்ல இயலவில்லை.

எடிசனின் முன் இரு வழிகள் இருந்தன. பழுதான சிலவற்றை மட்டும் மாற்றிக் கொடுத்துவிட்டு விற்பனையைத் தொடரலாம். அல்லது, காரணம் தெரியும்வரை விற்பனையையே நிறுத்தலாம். மின்கலத்தை இன்னும் வாங்க விரும்பியவர்களும் இருந்தனர். முந்தைய தொழிலில் இழந்த பணத்தை ஈடுகட்டும் வாய்ப்பும் இதில் இருந்தது. ஆயினும், எடிசன் இரண்டாம் வழியையே தேர்ந்தெடுத்தார். 1904ஆம் ஆண்டின் இறுதியில் உற்பத்தியை நிறுத்தினார். பழுதான கலங்களைத் திரும்பப் பெற்றுக்கொண்டு பணத்தைத் திருப்பித் தரவும் முன்வந்தார். பின்னர், ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பினார்.

சோர்ந்துபோன கலங்களே அவருக்குப் பாடநூலாயின. அவற்றைத் திறந்து, உள்ளிருந்த பொருளை ஆராய்ந்தார். இரும்பு முனையில் பெருங்குறை ஒன்றும் இல்லை. குறை நிக்கல் முனையில் இருந்தது. நிக்கல் சேர்மம் தானாக மின்னை நன்கு கடத்தாது. ஆகையால், மின்னைக் கடத்தும் கிராஃபைட் துகள்களை எடிசன் அதனோடு கலந்திருந்தார். மின்னேற்றமும் மின்னிறக்கமும் மாறி மாறி நிகழ்ந்தபோது நிக்கல் சேர்மம் உப்பிச் சுருங்கியது. கிராஃபைட்டும் சிறிது சிறிதாகச் சிதைந்தது. இதனால் துகள்களுக்கிடையே இருந்த தொடர்பு அறுபட்டது. மின்னாற்றலைத் தரக்கூடிய பொருள் கலத்தின் உள்ளேயே இருந்தும், அது வெளியே வர வழியில்லாமல் போனது. பொருள் தீர்ந்துபோகவில்லை, தொடர்புதான் அறுந்தது என்பதே அந்த ஆய்வின் முடிவாகும்.

காரணம் தெரிந்த பிறகும் தீர்வு எளிதில் கிட்டவில்லை. ஐந்து ஆண்டுகள் உழைக்க வேண்டியிருந்தது. கிராஃபைட்டுக்குப் பதிலாக, காரத்தால் சிதையாத நிக்கல் உலோகத்தையே மிக மெல்லிய சருகுகளாகப் பயன்படுத்த எடிசன் எண்ணினார். அவ்வளவு மெல்லிய சருகை உருவாக்குவது எப்படி? ஓர் உருளையின் மீது மின்முலாம் பூசும் முறையில் செம்பையும் நிக்கலையும் மாறி மாறிப் பல அடுக்குகளாகப் படியச் செய்தனர். பின்னர் அத்தகட்டைச் சிறு துண்டுகளாக நறுக்கி, செம்பை மட்டும் கரைத்து நீக்கினர். காற்றில் பறக்கும் அளவுக்கு மெல்லிய நிக்கல் சருகுகள் எஞ்சின. துளையிட்ட எஃகுக் குழாய்களுக்குள் நிக்கல் சேர்மத்தையும் இச்சருகுகளையும் நூற்றுக்கணக்கான அடுக்குகளாக மாறி மாறி இட்டு இறுக்கினர். குழாய் உருண்டையாக இருந்ததால் உள்ளே பொருள் உப்பினாலும் தொடர்பு அறவில்லை. கரைசலில் சிறிதளவு லித்தியம் ஹைட்ராக்சைடு சேர்த்தபோது கொள்திறன் மேலும் உயர்ந்தது. கசிவைத் தடுக்கக் கலத்தின் எஃகு உறையும் உறுதியான முறையில் பற்றவைக்கப்பட்டது.

இம்முறை எடிசன் அவசரப்படவில்லை. புதிய கலங்களை ஊர்திகளில் ஏற்றி மேடுபள்ளமான சாலைகளில் ஓட்டிப் பார்த்தார். ஆய்வுக்கூடத்தில் கலங்கள் இராப்பகலாக மின்னேற்றப்பட்டும் இறக்கப்பட்டும் சோதிக்கப்பட்டன. 1909ஆம் ஆண்டு புதிய மின்கலம் சந்தைக்கு வந்தது. அதன் தரத்தில் குறை காண்பது அரிதாக இருந்தது.

ஆனால், காலம் மாறியிருந்தது. ஹென்றி ஃபோர்டின் மலிவான பெட்ரோல் கார் 1908இலேயே விற்பனைக்கு வந்துவிட்டது. 1912இல் பெட்ரோல் காரை மின்விசையால் முடுக்கும் கருவியும் வந்தது. கையால் சுழற்றி முடுக்கும் தொல்லை நீங்கியதால் மக்கள் பெட்ரோல் காரையே நாடினர். எந்த ஊர்திக்காக எடிசன் பத்து ஆண்டுகள் உழைத்தாரோ, அந்த மின்சார ஊர்தி மெல்ல மெல்லச் சாலையிலிருந்து மறைந்தது.

எனினும், அவர் உழைப்பு வீண்போகவில்லை. இரயில் பெட்டிகளின் விளக்குகள், இரயில் பாதையின் சைகைகள், தொழிற்சாலைச் சரக்கு வண்டிகள் எனப் பல இடங்களில் அந்த மின்கலம் பயன்பட்டது. எல்லாவற்றுக்கும் மேலாக, நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களுக்கு அது பேருதவியாக அமைந்தது. அதுவரை அவர்கள் தீச்சுடர் விளக்குகளைத் தலையில் அணிந்து சுரங்கத்தினுள் இறங்கினர். சுரங்கத்தில் கசியும் வாயு அச்சுடர் பட்டு வெடித்தால் பலர் மடிவர். இத்தகைய விபத்துகளைக் கண்டு மனம் வருந்திய ஜான் ரையன், ஜார்ஜ் டைக்கே எனும் இரு சுரங்கப் பொறியாளர்கள் எடிசனை நாடினர். இடுப்பில் அணியும் மின்கலத்தோடு தலைவிளக்கு ஒன்று உருவாகியது. ஒருமுறை மின்னேற்றினால் அது ஒரு வேலைநேரம் முழுவதும் ஒளி தந்தது. மறுநாள் மீண்டும் மின்னேற்றிக்கொள்ளலாம். வீடு திரும்பும் தந்தைக்காகக் காத்திருந்த எத்தனையோ குடும்பங்களுக்கு அவ்விளக்கு ஆறுதலானது.

எடிசனின் மின்கலம் குறையே இல்லாதது என்று சொல்லிவிட முடியாது. அதன் விலை அதிகம். கடுங்குளிரில் அது மந்தமாகியது. மின்னேற்றும்போது எளிதில் தீப்பற்றக்கூடிய ஹைட்ரஜன் வாயுவை அது வெளியிட்டது. 1916இல், அம்மின்கலம் பொருத்தப்பட்ட அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பல் ஒன்று துறைமுகத்தில் இருந்தபோது, உள்ளே சேர்ந்திருந்த ஹைட்ரஜன் வெடித்துச் சிலர் உயிரிழந்தனர். நல்ல கண்டுபிடிப்பும் காற்றோட்டமில்லாத இடத்தில் ஆபத்தாக முடியும் என்பதை அத்துயரம் உணர்த்தியது.

அம்மின்கலத்தின் தனிச்சிறப்பு அதன் நீண்ட ஆயுளாகும். அதற்குக் காரணம் எளியது. ஈய அமில மின்கலத்தில் தகடும் அமிலமும் ஒன்றையொன்று மாற்றிக்கொண்டே இருக்கும். எடிசனின் மின்கலத்திலோ காரக் கரைசல் உலோகங்களை அரிப்பதில்லை. நாளடைவில் காற்றிலுள்ள கரியமில வாயுவை அக்கரைசல் உறிஞ்சிக்கொள்வதால் அதன் வீரியம் குறையும், கலமும் சோர்வடையும். அப்போது பழைய கரைசலை வெளியேற்றிப் புதிய கரைசலை நிரப்பினால், இழந்த கொள்திறனின் பெரும்பகுதி திரும்பிவிடும். நெடுநாள் பயன்படுத்தாமல் மந்தமான கலத்தை முழுமையாக மின்னிறக்கி, பின்னர் வழக்கத்தைவிடக் கூடுதல் நேரம் மின்னேற்றி உயிர்ப்பிக்கும் முறையும் இருந்தது. இம்முறைகளைப் பயிற்சி பெற்ற பணியாளர்கள் கையாண்டனர். இவ்வாறு பராமரிக்கப்பட்ட கலங்கள் பல பத்தாண்டுகள் உழைத்தன.

எடிசன் 1931ஆம் ஆண்டு அக்டோபர் 18ஆம் நாள் வெஸ்ட் ஆரஞ்சில் காலமானார். கேமரன் மலையில் போ தோட்டம் தொடங்கப்பட்டு அப்போது இரண்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. அமெரிக்காவில் மட்டும் 1,093 காப்புரிமைகள் அவர் பெயரில் உள்ளன. அவரது மின்கலத்தின் உற்பத்தி 1970களின் நடுப்பகுதி வரை தொடர்ந்தது. 2012இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதே நிக்கலையும் இரும்பையும் புதிய கார்பன் பொருள்களோடு இணைத்து, சில நிமிடங்களில் மின்னேறும் மின்கலத்தை ஆய்வுக்கூடத்தில் உருவாக்கினர்.

இன்று நம் கைப்பேசிகளில் இருப்பவை லித்தியம் அயனி மின்கலங்கள். அவற்றைத் திறந்து சீர்செய்ய முயல்வது தீயையும் வெடிப்பையும் விளைவிக்கும். சோர்ந்த அக்கலங்களைக் குப்பையில் எறியாமல் மின்கழிவு சேகரிப்பு மையங்களில் ஒப்படைப்பதே முறையாகும். அங்கிருந்து செல்லும் கலங்களிலிருந்து விலைமதிப்புள்ள உலோகங்களைப் பிரித்தெடுத்து மீண்டும் பயன்படுத்த முடியும். எனவே, அவையும் வேறொரு வகையில் மறுவாழ்வு பெறுகின்றன.

சோர்ந்த ஒன்றைக் கண்டதும் எறிந்துவிடுவது எளிது. அதன் சோர்வுக்குக் காரணம் என்ன என்று கேட்பதற்குப் பொறுமை வேண்டும். தாம் விற்ற பொருளில் குறை உண்டு என்பதை ஒப்புக்கொண்டு, அதனைத் திரும்பப் பெறுவதற்கு நேர்மையும் துணிவும் வேண்டும். எடிசனிடம் இவை யாவும் இருந்தன. கவாத்து வெட்டிய தேயிலைச் செடியின் வேரில் உயிர் இருப்பதைத் தோட்டத் தொழிலாளர் அறிவர். சோர்ந்த மின்கலத்தின் உள்ளே ஆற்றல் எஞ்சியிருப்பதை எடிசன் அறிந்தார். அதனை மீட்கும் வழியை அவர் ஐந்து ஆண்டுகள் அயராது தேடிக் கண்டடைந்தார்.